நிழல் இல்லாத புலி!

மேட்டுப்பாளையம் என்றதும் ஊட்டி மலை ரயில்தானே ஞாபகம் வருகிறது? இது வேறு மேட்டுப்பாளையம், குட்டீஸ்! புதுச்சேரியில் தொழிற்பேட்டையும் லாரி முனையமும் இருக்கும் மேட்டுப்பாளையம்.

மழை விட்டு வெயில் அடிக்கும் நேரத்தில், அங்கே ஓரமாக நின்று ஒரு லாரியைப் பாருங்கள். சக்கரங்களுக்கு அடியில் கறுப்பாக நிழல். பக்கத்தில் தேங்கிய தண்ணீரில் தலைகீழாக இன்னொரு லாரி! தினமும் பார்ப்பதுதான், ஆனால் நாம் கவனிப்பதே இல்லை.

சரி, ஒரு கேள்வி. அந்த லாரி பக்கத்தில் ஒரு புலி நிற்பது போல சினிமாவில் காட்ட வேண்டும். புலியை கம்ப்யூட்டரில் செய்தாயிற்று. அப்படியே படத்தில் ஒட்டிவிட்டால் போதுமா?

போதாது! புலி அந்தரத்தில் மிதப்பது போலத் தெரியும். ஏன் என்று சொல்லத் தெரியாத குழந்தைகூட, "ஐய, இது பொம்மை!" என்று சிரித்துவிடும். புலியை நம்ப வைக்க மூன்று ரகசியங்கள் தேவை. அவை என்ன?

புதுச்சேரிக்கு வந்த புலிக் கதை

2011 ஜனவரியில் இயக்குநர் ஆங் லீ, 'லைஃப் ஆஃப் பை' படத்துக்காக புதுச்சேரியில் படப்பிடிப்பு நடத்தினார். பிரெஞ்சுக்காரர்கள் 1826-ல் அமைத்த தாவரவியல் பூங்காவிலும் படம் எடுத்தார்கள். கதையில் பை என்ற சிறுவனின் அப்பா மிருகக்காட்சிசாலை நடத்துவது அந்தப் பூங்காவில்தான்.

கதைப்படி கப்பல் மூழ்கிவிடுகிறது. நடுக்கடலில் ஒரு படகில் பையும், ரிச்சர்ட் பார்க்கர் என்ற வங்கப் புலியும் மட்டும்! படம் பார்த்தவர்கள் நடுங்கிப்போனார்கள்.

ஆனால் பையாக நடித்த சூரஜ் சர்மா, நிஜப் புலியோடு ஒருமுறைகூட ஒரே படகில் இருந்ததில்லை. கடல் காட்சிகளை எடுத்தது தைவான் நாட்டில், ஒரு பெரிய நீர்த்தொட்டியில். சில காட்சிகளுக்கு மட்டும் நிஜப் புலிகளைத் தனியாகப் படம் பிடித்தார்கள். பெரும்பாலான காட்சிகளில் நாம் பார்ப்பது கம்ப்யூட்டர் புலி. அதைச் செய்தது 'ரிதம் அண்ட் ஹியூஸ்' என்ற அமெரிக்க நிறுவனம். நம் நாட்டில் மும்பையிலும் ஹைதராபாத்திலும் இருந்த அதன் கிளைகளிலும் இந்தப் படத்துக்காக வேலை நடந்தது.

முதல் ரகசியம்: ஆல்ஃபா

கம்ப்யூட்டர் படம் என்பது குட்டிக் குட்டிப் புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். ஒட்டுவதற்கான படம் என்றால் நான்காவதாக ஓர் எண்ணும் உண்டு. அதுதான் ஆல்ஃபா. 'இந்தப் புள்ளி பின்னால் இருப்பதை எவ்வளவு மறைக்க வேண்டும்?' என்று சொல்வது அதன் வேலை.

புலியின் முதுகில் ஆல்ஃபா 100 சதவீதம். பின்னால் உள்ள கடல் துளியும் தெரியாது. புலிக்கு வெளியே ஆல்ஃபா பூஜ்யம். கடல் முழுசாகத் தெரியும். மீசை முடி? அது ஒரு புள்ளியைவிடவும் மெல்லியது. அங்கே கால்வாசி புலி, முக்கால்வாசி கடல்!

கணக்குப் போடலாமா? மீசையின் வெளிச்சம் 200, கடலின் வெளிச்சம் 80, ஆல்ஃபா 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 200-ல் கால் பங்கு 50. 80-ல் முக்கால் பங்கு 60. கூட்டினால் 110. அவ்வளவுதான்! இந்தக் கணக்கு இல்லாவிட்டால், புலியைக் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியது போல ஓரம் கரடுமுரடாகத் தெரியும்.

1970-களின் இறுதியில், நியூயார்க்கில் வேலை பார்த்த எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் ஆகிய இருவர் கண்டுபிடித்தது இது. பின்னாளில் 'டாய் ஸ்டோரி' எடுத்த பிக்ஸார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களும் இவர்களே. படங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் விதிகளை, 1984-ல் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் இருவரும் எழுதினார்கள். 1996-ல் இந்த நால்வருக்கும் ஆஸ்கர் அகாடமி அறிவியல் விருது கொடுத்தது.

இரண்டாம் ரகசியம்: நிழல்

நிழல் என்பது கறுப்புப் பெயின்ட் அல்ல. லாரி நிழலை உற்றுப் பாருங்கள். உள்ளே மண்ணும் கல்லும் தெரிகிறதல்லவா? நிழல் எதையும் மறைப்பதில்லை. வெளிச்சத்தை மட்டும் குறைக்கிறது. 150 வெளிச்சம் உள்ள படகுப் பலகை மேல் 40 சதவீத நிழல் லேயரை வைத்தால், பலகை 90 ஆக மங்கும். பலகையின் கோடுகள் அப்படியே இருக்கும்.

பாதத்துக்கு அடியில் நிழல் அழுத்தமாக, தள்ளிப் போகப் போக ஓரம் மெத்தென்று இருக்க வேண்டும். சூரியன் எந்தப் பக்கமோ, நிழல் அதற்கு எதிர்ப்பக்கம் விழ வேண்டும்.

மூன்றாம் ரகசியம்: பிரதிபலிப்பு

தண்ணீர்ப் பரப்பில் புலியின் தலைகீழ் உருவத்துக்கு ஒரு லேயர். காலடியில் இருக்கும் குட்டையைக் குனிந்து பாருங்கள்; அடியில் கிடக்கும் கல் தெரியும். தூரத்துக் குட்டையில் வானம்தான் தெரியும். பார்வை சாயச் சாய பிரதிபலிப்பு கூடும். கம்ப்யூட்டர் லேயரும் அப்படியே கூடிக் குறைய வேண்டும். அலை அடித்தால் உருவமும் நெளிய வேண்டும்!

எல்லாவற்றையும் ஒரே படமாகச் செய்துவிட்டால் என்ன? ஒரு விநாடி சினிமாவுக்கு 24 படங்கள். புலி போன்ற உருவம் என்றால், ஒரே படத்தைக் கணக்கிடவே கம்ப்யூட்டருக்குப் பல மணி நேரம் ஆகலாம். "நிழல் கொஞ்சம் மங்கலாக இருக்கட்டும்" என்று இயக்குநர் சொன்னால், எல்லாவற்றையும் மறுபடி தொடங்க முடியுமா? லேயர் தனியாக இருந்தால் நிழலை மட்டும் மாற்றலாம்.

நீங்களே செய்து பாருங்கள்!

ஜெராக்ஸ் கடையில் மூன்று கண்ணாடித் தாள்கள் வாங்குங்கள். பழைய காலண்டரில் குளமோ கடற்கரையோ உள்ள படம் ஒன்று எடுங்கள். முதல் தாளில் ஒரு பூனைப் படத்தை வெட்டி ஒட்டுங்கள். இரண்டாவது தாளில் மார்க்கர் பேனாவால் அதன் நிழலை லேசாகத் தீட்டுங்கள். மூன்றாவதில் அதே பூனையைத் தலைகீழாக வெளிர் நிறத்தில் வரையுங்கள். காலண்டர் படத்தின் மேல் நிழல், பிரதிபலிப்பு, பூனை என்று வரிசையாக அடுக்குங்கள். இப்போது நிழல் தாளை மட்டும் உருவிவிடுங்கள். என்ன ஆனது? பூனை பறக்கிறதா!

பார்க்காமல் போன கைகள்

2013 பிப்ரவரி 24-ம் தேதி நடந்த விழாவில் 'லைஃப் ஆஃப் பை' நான்கு ஆஸ்கர் விருதுகளை வாங்கியது. சிறந்த விஷுவல் எஃபெக்ட்ஸ் விருதும் அதில் ஒன்று. ஆனால் அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் புலியைச் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம், பண நெருக்கடியால் திவால் மனு கொடுத்திருந்தது. அங்கே இருந்த பலருக்கு வேலை போனது. விழா அரங்குக்கு வெளியே நூற்றுக்கணக்கான எஃபெக்ட்ஸ் கலைஞர்கள் திரண்டு குரல் கொடுத்தார்கள். மேடையில் விருது வாங்கிய பில் வெஸ்டன்ஹோஃபர், நிறுவனத்தின் நிலையைச் சொல்லத் தொடங்கினார். அதற்குள் 'நேரம் முடிந்தது' என்று இசை ஒலித்தது. பேச்சு பாதியில் நின்றது.

நிழல் தப்பாக இருந்தால் எல்லாரும் கண்டுபிடித்துவிடுவோம். சரியாக இருந்தால் ஒருவரும் கவனிப்பதில்லை. அந்தக் கலைஞர்களின் கதையும் அப்படித்தான் ஆனது.

அதனால் குட்டீஸ், அடுத்த முறை சினிமாவில் டைனோசரோ டிராகனோ வந்தால், முதலில் அதன் காலடி நிழலைப் பாருங்கள். படம் முடிந்ததும் உடனே எழுந்து ஓடாதீர்கள். திரையில் வரிசையாக ஓடும் அந்தப் பெயர்களையும் கொஞ்ச நேரம் பாருங்கள். அந்த நிழலைப் போட்டவர் பெயர் அதில்தான் இருக்கும்!