எடின்பரோ கோட்டைக்குக் கீழே ஒரு பப்: பெயர்ப்பலகையில் இருக்கும் மேகி டிக்சன் யார்? தூக்கில் போட்ட பிறகும் எழுந்து உட்கார்ந்தது எப்படி?

ஸ்காட்லாந்து டூர் என்றாலே பட்டியலில் முதலில் வருவது எடின்பரோ கோட்டைதான். கோட்டையைச் சுற்றி, போட்டோ எடுத்து, கால் வலிக்க ஆரம்பித்ததும் அடுத்த கேள்வி: எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம்? வாசல் பக்கம் எப்போதும் கூட்டம். அதனால் பலர் தெற்குப் பக்கப் படிக்கட்டில் இறங்கி, கிராஸ்மார்க்கெட் என்ற இடத்துக்கு வந்துவிடுவார்கள். வரிசையாகப் பழைய பப்கள். அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேலே கோட்டை.

அந்த வரிசையில் ஒரு பப்பின் பெயர் 'மேகி டிக்சன்ஸ்'. கடையை ஆரம்பித்த பாட்டியின் பெயரோ என்று தோன்றும். அதுதான் இல்லை. இதே கிராஸ்மார்க்கெட்டில் 1724 செப்டம்பர் 2-ம் தேதி தூக்கிலிடப்பட்ட பெண் அவர். இறுதி ஊர்வலத்தில் போகும்போதே உயிரோடு எழுந்தவரும் அவர்தான்.

சந்தைக்குப் பக்கத்தில் தூக்குமேடை

எடின்பரோ கோட்டை நிற்பது சுமார் 35 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலை ஒன்றின் இறுகிப்போன பாறை மேல். அந்தப் பாறையின் தெற்கு அடிவாரப் பள்ளம்தான் கிராஸ்மார்க்கெட். 15-ம் நூற்றாண்டில் இருந்தே இங்கே சந்தை. குதிரை, மாடு ஓட்டிக்கொண்டு வெளியூர் வியாபாரிகள் வருவார்கள். வந்தவர்களுக்குப் படுக்க இடம் வேண்டும், மாட்டைக் கட்ட இடம் வேண்டும். அப்படி வந்ததுதான் 'இன்'. கீழே சாப்பாடும் ஏல் என்கிற பார்லி மதுவும், மாடியில் படுக்கை, பின்னால் லாயம். சத்திரம் மாதிரிதான், ஆனால் எல்லாத்துக்கும் காசு. பப் என்பது குடிக்க, சாப்பிட, பேச வரும் இடம். தங்கும் அறை இருந்தால் அது இன். இப்போது பெயரில் 'இன்' இருக்கும் பல இடங்களில் அறையே கிடையாது.

'வொயிட் ஹார்ட் இன்' அப்படி ஒன்று. 1516-ம் ஆண்டு முதல் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் பப் இது. தரைக்கு மேலே நாம் பார்க்கும் கட்டடத்தில் பெரும்பகுதி 18-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஸ்காட்லாந்தின் தேசியக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1791-ல் எடின்பரோவுக்குக் கடைசியாக வந்தபோது தங்கியது இங்கேதான் என்கிறார்கள். 1803-ல் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தும் அவர் தங்கை டோரதியும் தங்கியிருக்கிறார்கள். முதல் உலகப் போரில், 1916 ஏப்ரல் 2-ம் தேதி இரவு ஜெர்மனியின் செப்பலின் வான்கப்பல் போட்ட குண்டுகளில் ஒன்று இதன் வாசலில் விழுந்தது. ஒரு பப் இதுக்கு மேல என்ன பார்க்கணும்?

கூட்டம் கூடும் இடம் என்பதாலேயே தூக்குமேடையும் இங்கே வந்தது. தண்டனையை நாலு பேர் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்தக் காலத்து அரசாங்கத்தின் கணக்கு. 1660 முதல் 1784 வரை இங்கே தூக்கு நடந்திருக்கிறது. பக்கத்திலேயே 'தி லாஸ்ட் டிராப்' என்று ஒரு பப் இருக்கிறது. கிளாஸில் மிஞ்சும் கடைசித் துளி என்றும் படிக்கலாம், தூக்குக் கயிற்றில் விழும் கடைசி விழுதல் என்றும் படிக்கலாம். தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள்.

மேகி செய்த குற்றம் என்ன?

எடின்பரோவுக்குக் கிழக்கே மஸ்ஸல்பரோ என்ற கடற்கரை ஊர்ப் பக்கம் மீன் விற்றவர் மேகி. கணவர் கூட இல்லை. அவரைக் கடற்படைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்கிறது ஒரு கதை, அவரே விட்டுவிட்டுப் போனார் என்கிறது இன்னொன்று. பிழைக்க வழி தேடி தெற்கே கெல்சோ பக்கம் போன மேகிக்கு வேலை கிடைத்தது ஓர் இன்னில். அங்கே கர்ப்பமானார். முதலாளியின் மகன்தான் காரணம் என்று சொல்லப்படுகிறது. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். யாரிடமும் சொல்லாமல் மறைத்தார். பிறந்த குழந்தை இறந்து, ட்வீட் ஆற்றங்கரையில் உடல் கிடைத்தது.

குழந்தையை மேகி கொன்றாரா? அதை நிரூபிக்க வேண்டிய அவசியமே அன்றைய சட்டத்தில் இல்லை. இதுதான் முக்கியமான விஷயம். 1690-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் போட்ட சட்டப்படி, ஒரு பெண் கர்ப்பத்தை முழுக்க மறைத்து, பிரசவத்துக்கும் யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் இருந்து, குழந்தை இறந்துவிட்டாலோ காணாமல் போனாலோ, அவளே கொலைகாரி. குழந்தை செத்தே பிறந்திருந்தாலும், தாயால் அதை நிரூபிக்க முடியாது, ஏனென்றால் சாட்சிக்கு ஆளே இல்லை. இந்தச் சட்டத்தில் மாட்டியவர்களில் பெரும்பாலோர் வீட்டு வேலை செய்த ஏழைப் பெண்கள். கர்ப்பத்துக்குக் காரணமான ஆண் மேல் இந்தச் சட்டத்தில் கேஸ் கிடையாது.

பெட்டிக்குள் கேட்ட சத்தம்

தூக்கு முடிந்து உடலை இறக்கியதுமே ஒரு சண்டை. அறுவை மருத்துவம் படிக்கும் பையன்கள் உடல் கேட்டு வந்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் அறுத்துப் படிக்க உடல் கிடைப்பது அவ்வளவு கஷ்டம். (இதே கிராஸ்மார்க்கெட்டை ஒட்டிய வெஸ்ட் போர்ட் பகுதியில்தான் 1828-ல் பர்க், ஹேர் என்ற இரண்டு பேர், உடற்கூறு ஆசிரியருக்கு விற்பதற்காகவே 16 பேரைக் கொன்றார்கள். அது தனிக் கதை.) மேகியின் ஆட்கள் விடவில்லை. உடலைப் பெட்டியில் வைத்து, வண்டியில் ஏற்றி மஸ்ஸல்பரோவுக்குக் கிளம்பினார்கள்.

வழியில் பெஃபர்மில் என்ற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, குடிக்கப் போனார்கள். அப்போது பெட்டிக்குள் ஏதோ சத்தம். மூடியைத் திறந்தால், மேகிக்கு மூச்சு இருக்கிறது. அவர்கள் மட்டும் நிற்காமல் நேரே போயிருந்தால்?

சரி, மறுபடியும் தூக்கில் போட்டார்களா? இல்லை. தீர்ப்பு நிறைவேற்றப்பட்டுவிட்டது, ஒரே தண்டனையை இரண்டு முறை கொடுக்க முடியாது என்று விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் வாழ்ந்த மேகிக்கு ஊர் வைத்த பெயர் 'பாதி தூக்கு மேகி'. பிற்காலத்தில் அவரே ஓர் ஏல் கடை நடத்தினார் என்றும் சொல்கிறார்கள். 'சாகும் வரை' என்ற வார்த்தை தூக்குத் தீர்ப்பில் சேர்ந்ததே இவரால்தான் என்று டூர் கைடுகள் அடித்துவிடுவார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம்.

1690 சட்டம் மாற 1809 வரை ஆனது. அதன் பிறகு கர்ப்பத்தை மறைத்த குற்றத்துக்கு அதிகபட்சம் 2 ஆண்டு சிறை.

இப்போ போனா எப்படி இருக்கும்?

பப்பில் யாராவது வந்து ஆர்டர் எடுப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். பெரும்பாலும் நாமே கவுன்ட்டரில் போய்ச் சொல்லி, அங்கேயே காசு கொடுக்க வேண்டும். குடிக்காதவர்கள் தயங்கவே வேண்டாம், சூப்போ டீயோ வாங்கிக்கொண்டு உட்காரலாம். மெனுவில் 'ஹாகிஸ்' என்று இருந்தால் அது ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரலை ஓட்ஸ், வெங்காயத்தோடு சேர்த்துச் செய்வது. குடல் குழம்பு சாப்பிடுறவங்களுக்கு இது பெரிய அதிர்ச்சியா இருக்காது. சைவ ஹாகிஸும் நிறைய இடங்களில் கிடைக்கும்.

மது வாங்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். ஆள் பார்க்க 25 வயதுக்குள் தெரிந்தாலே ஆதாரம் கேட்பார்கள், அதனால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். வாடகை கார் எடுத்திருந்தால் கவனம்: 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால்தான் ஸ்காட்லாந்தில் வரம்பு. இங்கிலாந்தில் அது 80. 2014 டிசம்பரில் ஸ்காட்லாந்து குறைத்துவிட்டது. ஒரு கிளாஸ்தானே என்று வண்டி எடுத்தால் மாட்டிக்கொள்ளலாம்.

சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது திடீரென்று பெரிய வெடிச் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். மேலே கோட்டையில் பகல் 1 மணிக்குச் சுடும் பீரங்கி அது. 1861-ல் ஆரம்பித்தது, ஞாயிறு லீவு.

வெளியே வந்து சதுக்கத்தின் கிழக்கு முனைக்கு நடந்தால் வட்டமாக ஒரு நினைவிடம் இருக்கும். அரசர் தங்கள் திருச்சபையில் தலையிடுவதை எதிர்த்து 17-ம் நூற்றாண்டில் இங்கே தூக்கில் தொங்கிய கவனன்டர்களுக்காகக் கட்டியது. அவர்களில் பலரின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. மேகியின் பெயர் அதில் இல்லை, அது பப்பின் பலகையில் மட்டும்தான்.