பரணில் உறங்கும் குரல்கள்

உத்தியோகத்தின் பொருட்டு ஊரை விட்டு வந்த நம்மவர் இல்லங்கள் பலவற்றில், பரண்மேல் ஒரு பழைய பெட்டி இருக்கும். அதனுள் இசைத்தட்டுகளும் காஸெட் நாடாக்களும் கிடக்கும். கடிதத்துக்குப் பதிலாக ஊரிலிருந்து நாடா வந்த காலமும் உண்டு. அதில் பாட்டி பேசுவாள். காணாத பேரனுக்குத் தாலாட்டுப் பாடுவாள். கடையில் வாங்கிய இசைத்தட்டு உடைந்தால் வேறொரு பிரதி எங்கேனும் அகப்படலாம். பாட்டியின் குரலுக்கு மறுபிரதி ஏது?

நாடாவின் காந்தப் பூச்சு நாளடைவில் தளர்கிறது, பூஞ்சணமும் பற்றுகிறது. அதனை ஓட்டும் யந்திரங்களோ அருகி வருகின்றன. ஆதலின் இவற்றைக் கணிப்பொறியில் ஏற்றிவைத்தல் தள்ளிப்போடத் தகாத கடமையாகும். அதற்கு எம்மென்பொருளைக் கொள்வது?

நமக்கு வேண்டுவன நான்கு: ஒலியைப் பதிதல், இரைச்சலையும் கீறல் ஒலியையும் தணித்தல், வேகத்தைத் திருத்தல், நீண்ட பதிவைப் பாட்டுப் பாட்டாகப் பிரித்தல். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த அடாசிட்டி இந்நான்கையும் செய்யும், விலையின்றிக் கிடைக்கும், விண்டோஸ், மாக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்கும். ஓசன் ஆடியோவும் இலவசமே; புதியவர்க்கு எளிது. அடோபி ஆடிஷனுக்குச் சந்தா கட்டவேண்டும். ஐஸோடோப் ஆர்எக்ஸ் பழுது நீக்குவதில் வல்லது. ஆயின் விலை மிகுதி. பத்துப் பதினைந்து நாடாக்கள் உள்ள குடும்பத்துக்கு அச்செலவு வேண்டியதில்லை.

மென்பொருளினும் முக்கியமானது அதனைக் கையாள்வோர் செவி. நம் சங்கீதத்தின் இயல்பை யந்திரம் அறியாது. இரைச்சல் நீக்கும் கருவி, நாம் காட்டும் சில வினாடி ஒலியை மாதிரியாகக் கொண்டு, அதனை ஒத்ததைப் பதிவு முழுதும் குறைக்கும். பாட்டுத் தொடங்கவில்லையே என்று தம்புரா மட்டும் ஒலிக்கும் இடத்தைக் காட்டினால், தம்புராவே இரைச்சலாகிவிடும். சுருதியை ஒட்டிய குரலும் உடன் சிதையும். நாடாவின் சீறல் மட்டும் கேட்கும் இடத்தையே காட்டுக. கீறல் நீக்கும் கருவியையும் மிதமாகவே கொள்க. அளவு மீறினால் மிருதங்கத்தின் கூரிய சொற்கள் மழுங்கும்.

வேகம் இன்னும் நுட்பமானது. நாடா நூற்றுக்கு 6 பங்கு விரைந்து ஓடினால், ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டையில் பாடியவராகிவிடுவார். அதனைத் திருத்துங்கால் வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் கருவியையே பயன்படுத்துக. காலத்தை மட்டும் மாற்றும் கருவி இதற்கு உதவாது.

பதியும் முறையையும் சுருங்கக் கூறுவோம். நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுழலும் அரக்குத் தட்டுக்கு அகன்ற முனையுள்ள ஊசி வேண்டும். பிற்கால நீள்தட்டின் ஊசி பொருந்தாது. அரக்குத் தட்டை ஸ்பிரிட் கொண்டு துடைக்கலாகாது, அரக்கு கரைந்துவிடும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் வேவ் கோப்பாகப் பதிக. 90 நிமிஷ நாடா ஒன்று ஏறத்தாழ ஒன்றரை ஜிகாபைட் இடம் கொள்ளும். கைபடாத இம்மூலப் பதிவை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துக. திருத்தங்களைப் பிரதியில் மட்டுமே செய்க. உறவினர்க்கு அனுப்ப எம்பி3 போதும்.

எதிலிருந்து தொடங்குவது? புகழ்பெற்ற வித்துவான்களின் தட்டுகள் காத்திருக்கட்டும். வீட்டார் குரல்களை முதலில் ஏற்றுக. நாடாவின்மேல் எழுதிய மை மங்கியிருக்கும். பேசுவது அத்தையா, சின்னப் பாட்டியா என்று சொல்லத்தக்க பெரியவர் வீட்டில் ஒருவர் இருப்பார். அவரை அருகில் அமர்த்திக் கேட்கச் செய்து, பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதிவைத்துக்கொள்க. இரைச்சலை அடுத்த ஆண்டும் நீக்கலாம். அவர் சொல்லும் பெயரை அடுத்த ஆண்டு கேட்டறிய இயலுமோ, யாரே அறிவார்?