வறட்சியிலும் வாடாத மொச்சை

மாணவர்களே! மழை ஓய்ந்து சில வாரங்கள் சென்றதும் மேய்ச்சல் நிலத்துப் புல் காய்ந்து பழுப்பாகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் வயலில் மொச்சைக் கொடி இன்னும் பச்சையாகவே நிற்கும். இது எப்படி?

நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் சரிவான மானாவாரி நிலங்களைக் காணலாம். சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை அங்குள்ள மலைவாழ் மக்களின் பழைய பயிர்கள். அவற்றுடன் மொச்சை, துவரை போன்றவற்றைக் கலந்து விதைப்பதும் உண்டு. தானியமும் பயறும் வீட்டுக்கு. தட்டையும் கொடியும் மாட்டுக்கு. சரிவு நிலத்தில் மழைநீரின் ஒரு பகுதி மண்ணில் இறங்குமுன்பே ஓடிவிடும். எஞ்சிய ஈரத்தைச் சிக்கனமாகச் செலவிட்டால்தான் செடி பிழைக்கும்.

இலைகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உள்ளன. நீர் ஆவியாக வெளியேறுவது பெரும்பாலும் இவற்றின் வழியேதான். வறட்சி வந்ததும் செடி இவற்றை மூடிக்கொள்கிறது. ஆனால் உணவு தயாரிக்க வேண்டிய கரியமிலவாயு உள்ளே வருவதும் இதே வழியில்தான்! ஆகவே செலவும் நிற்கிறது; வரவும் நிற்கிறது. செடி உயிரோடிருக்கும், வளராது. தீவனப் பயிரிலோ இலைதான் மகசூல்!

இங்கேதான் மொச்சையின் வேர் கைகொடுக்கிறது. மண் ஆழமாக இருந்தால் 2 மீட்டர் ஆழத்திலுள்ள ஈரத்தையும் அது உறிஞ்சும். மேல்மண் காய்ந்த பின்னும் இலை பசுமையாக இருப்பதன் இரகசியம் இதுவே. ஆஸ்திரேலியாவில் 1962-இல் ‘ரோங்கை’ என்னும் மொச்சை இரகத்தைத் தீவனத்துக்கென்றே வெளியிட்டார்கள்.

இலை பச்சையாக இருந்தால் மட்டும் போதுமா? மாட்டுக்குப் புரதம் வேண்டும். புரதத்துக்கு நைட்ரஜன் வேண்டும். பயறுச் செடிகளின் வேர் முண்டுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன. இதை 1886-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ரீகல் அறிவித்தார். முண்டுகளில் பெரும்பாலானவை மேல்மண்ணிலேயே இருக்கும். அது காய்ந்தால் பாக்டீரியாக்களின் வேலை தடைப்படும். பல பயறுச் செடிகளில் இலை வாடுமுன்பே இது குறைந்துவிடுகிறது! எனவே வறட்சியைத் தாங்கும் தீவனப் பயிரைத் தேடுபவர்கள் இலையை மட்டுமன்றி, வேரையும் முண்டையும் சேர்த்தே ஆராய வேண்டும்.

நீங்களும் ஆராயலாம். மழைக்காலத்தில் ஒரு மொச்சைச் செடியையும், மழை நின்று சில வாரங்கள் கழித்து இன்னொன்றையும் மண்ணோடு பெயர்த்தெடுங்கள். வேரை மெல்லக் கழுவி, ஒரு முண்டை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது; பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் ஓய்ந்துவிட்டது. இரண்டு செடிகளிலும் சிவந்த முண்டுகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.