குடும்பத் தலைவிக்கு லீவு எழுதித் தருவது யார்?

உடம்பு இளைக்க என்ன சாப்பிட வேண்டும், எத்தனை மைல் நடக்க வேண்டும் என்று பலரும் எழுதுகிறார்கள். ஆபரேஷன் செய்து உடம்பு இளைத்த ஒருத்தி, அதன்பின் தெம்போடு எழுந்து தன் வேலையைத் தானே பார்ப்பது எப்படி என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. நான் அந்தப் பாதையில் நடந்து வந்தவள். சகோதரிகளுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

எனக்கு வயது 38. பிளஸ் டூ வரை படித்திருக்கிறேன். கோவை அருகே இருகூரில் குடியிருக்கிறோம். கணவர் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். நான் வீட்டு வேலை போக மீதி நேரத்தில் அக்கம்பக்கத்தாருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பேன். இரண்டு பிரசவத்துக்குப் பிறகு எடை ஏறி ஏறி 104 கிலோவில் வந்து நின்றது. உயரம் 156 சென்டிமீட்டர்தான். சர்க்கரை வந்தது, முழங்கால் வீங்கியது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. மெஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும் என்ற நிலை வந்ததும் தையலையும் நிறுத்திவிட்டேன். நடையும் பத்தியமும் மூன்று வருஷம் பார்த்த பிறகுதான், டாக்டர் சொல்லி, வயிற்றில் பைபாஸ் ஆபரேஷனுக்குச் சம்மதித்தேன்.

நம் ஊருக்கு இது புதிதில்லை. வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையைத் தென்னாட்டில் வளர்த்தவர்களில் முக்கியமானவர் கோவை டாக்டர் சி.பழனிவேலு. அவர் 2001-ல் ராமநாதபுரத்தில் தொடங்கிய ஜெம் மருத்துவமனையின் பெயர் வெளியூர்க்காரர்களுக்கும் தெரியும். எனக்குச் செய்தது வேறொரு தனியார் மருத்துவமனையில். கழுத்துச் செயினையும் இரண்டு வளையலையும் கூட்டுறவு சங்கத்தில் அடகு வைத்துத்தான் பணம் கட்டினோம். அதனால் சீக்கிரம் தேறி, மெஷினில் உட்கார்ந்து கடனை அடைக்க வேண்டும் என்பது எனக்கு ராத்திரி தூக்கத்திலும் நினைப்பாக இருந்தது.

நாலாம் நாள் வீட்டுக்கு வந்தேன். பத்தாம் நாள் என் மாமியார், "ஏன் அம்மணி, காயமெல்லாம் ஆறிப் போச்சல்லோ? இந்தக் குடத்தை மட்டும் எடுத்து வெச்சுரு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. வெளியே பார்த்தால் அஞ்சாறு சின்னத் தழும்புதான் தெரிகிறது. உள்ளே எவ்வளவு வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் தெருவில் நல்ல தண்ணி வருகிற நாளில் இருபது குடம் பிடித்தாக வேண்டும். ஒரு குடம் 12 கிலோவுக்குக் குறையாது. அது போக கிரைண்டர் கல், கேஸ் சிலிண்டர், நனைந்த போர்வை என்று நம் வீட்டு வேலையில் பாதி, பாரம் தூக்கும் வேலைதான்.

மில்லிலும் கம்பெனியிலும் வேலை பார்க்கும் பெண்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. உடம்பு முடியாத நாட்களுக்கு, வருஷத்தில் 91 நாள் வரை, கூலியில் 70 சதவீதம் கிடைக்கிறது. டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தால் சூப்பர்வைசர் வாய் திறக்க முடியாது. வீட்டில் இருப்பவளுக்கு லீவு எழுதித் தருவது யார்?

அடுத்த முறை செக்கப் போனபோது டாக்டர் அம்மாவிடம் இதையே கேட்டேன். அவர் சிரித்துவிட்டு மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். "ஆறு வாரம் குடம், சிலிண்டர், கிரைண்டர் கல் தூக்கக் கூடாது. தினமும் நடக்க வேண்டும். மூன்றாம் வாரம் முதல் உட்கார்ந்து செய்யும் வேலை, அரைமணி நேரம்" என்று தமிழில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார். அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்தேன். அன்றிலிருந்து என் கணவர் பட்டறைக்குப் போகும் முன் தண்ணீர் பிடித்து வைத்தார். பெரியவன் துணி காயப்போட்டான். மாமியார் மாவரைப்பதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். நூறு தடவை வாயால் சொன்னாலும் ஏறாதது, டாக்டர் கையெழுத்தில் இருந்தால் ஏறும். சகோதரிகள் இதை மறக்க வேண்டாம்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆபரேஷனில் இரைப்பையின் மேல் பக்கத்தைச் சின்னப் பையாகப் பிரித்து, சிறுகுடலில் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோய் இணைக்கிறார்கள். ஒரு நேரத்துக்குச் சில ஸ்பூன்தான் இறங்கும். முதலில் தண்ணியாக, பிறகு கூழாக, பிறகு குழைவாக, இரண்டு மாதம் ஆகும்போது எல்லோரையும் போல, ஆனால் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். அந்தக் கொஞ்சத்தில் ரசம் சாதத்தை ரொப்பினால் உடம்பில் தெம்பு நிற்காது. தினமும் 60 கிராம் புரதமாவது வேண்டும் என்றார்கள். ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் கோழிக்கறியில் 25 கிராம் வரை இருக்கிறது. நம் கொங்குச் சமையலில் இதற்கு வழி இருக்கிறது. கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு கடைசல், தட்டைப்பயறு, தயிர், முட்டை. தட்டில் பருப்பையும் முட்டையையும் முதலில் முடித்துவிட்டு, வயிற்றில் இடம் இருந்தால் சோறு என்று பழகிக்கொண்டேன். சாப்பிடும்போது தண்ணீர் குடிப்பதில்லை. அரைமணி கழித்து, மடக்கு மடக்காக நாள் முழுக்கக் குடிப்பேன். விருந்தில் ஒப்புட்டு கண்டால் விலகிவிடுவேன். இனிப்பு அதிகமானால் படபடப்பும் வியர்வையும் மயக்கமும் வரும் என்று முதலிலேயே எச்சரித்திருந்தார்கள்.

இப்படியெல்லாம் இருந்தும் மூன்றாம் மாதம் என் தெம்பு அடியோடு போயிற்று. எடை 20 கிலோ குறைந்திருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் "அட, குமரியாட்டம் ஆயிட்டீங்களே" என்றார்கள். எனக்கோ ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வெட்டுவதற்குள் கண் இருட்டியது. தலையில் சீப்பு வைத்தால் கொத்துக் கொத்தாக முடி வந்தது. "வேலைக்குச் சோம்பல், வேறென்ன?" என்று ஒரு சொந்தக்காரர் என் காதுபடவே சொன்னார். "நகையை வெச்சு நோவை வாங்கிட்டு வந்திருக்கா" என்றார் இன்னொருவர். அன்று ராத்திரி அழுதேன். மறுநாள் டாக்டரிடம் போனேன்.

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.2தான் இருந்தது. டாக்டர் அம்மா பொறுமையாக விளக்கினார். இரும்புச் சத்தை உடம்பு அதிகமாக இழுத்துக்கொள்வது சிறுகுடலின் முதல் பகுதியில். பைபாஸ் செய்தவர்களுக்குச் சாப்பாடு அந்தப் பகுதியைத் தொடாமலே போய்விடுகிறது. போதாததற்கு மாதாமாதம் ரத்தம் போகிற வயது. அதனால் சிலருக்கு மாத்திரை சாப்பிட்டாலும் போதுவதில்லை. எனக்கு இரும்புச் சத்தை டிரிப்ஸ் வழியே ஏற்றினார்கள். பி12 ஊசியும் போட்டார்கள். முடி உதிர்வது வேகமாக எடை குறையும்போது வருவது, சில மாதத்தில் நிற்கும் என்றார். நின்றது. ஒரு மாதத்துக்குள் என் உடம்பு என்னிடமே திரும்பி வந்தது போல் இருந்தது.

இது எனக்கு மட்டும் வந்த கதை இல்லை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் எடை கூடியவர்கள் என்று கண்டார்கள். அதே ஆய்வில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. குண்டாக இருப்பவளுக்கு ரத்தம் குறைவாக இருக்காது என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். ஆபரேஷனுக்குப் போகும் முன்பே ரத்தத்தையும் இரும்பு, பி12, வைட்டமின் டி அளவையும் பார்த்துவிடுவது நல்லது. பிறகும் டாக்டர் சொல்கிற இடைவெளியில் ஆயுசு முழுக்கப் பார்க்க வேண்டும். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போடக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையோடு காபி, டீ ஆகாது. ஓயாமல் வாந்தி வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குழந்தை வேண்டும் என்கிறவர்கள் ஒன்று, ஒன்றரை வருஷம் பொறுக்க வேண்டும்.

யாரையும் ஆபரேஷனுக்குத் தூண்டிவிட நான் இதை எழுதவில்லை. ஐந்து கிலோ, பத்து கிலோ குறைய இது வழியில்லை. 2024 ஏப்ரலில் சென்னையில் உடல் எடை குறைக்கும் சிகிச்சைக்குப் போன இளைஞர் ஒருவர் இறந்துபோய், அரசு விசாரணை வைத்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவும், அனுபவமுள்ள டாக்டரும் இருக்கிற இடமா என்று விசாரிக்காமல் போகக் கூடாது. செலவு விஷயத்தில் ஒன்று: இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்த விதிப்படி, பி.எம்.ஐ. 40-க்கு மேல் இருப்பவர்களுக்கு, டாக்டர் ஆலோசனையின் பேரில் செய்தால், மெடிக்ளெய்ம் கிடைக்க வழி உண்டு. பி.எம்.ஐ. 35-க்கு மேல் இருந்து, கட்டுப்படாத சர்க்கரை போன்ற கடுமையான நோய் இருந்தாலும் அப்படியே. காத்திருப்புக் காலம் முதலான நிபந்தனைகளைப் பாலிசியில் படித்துப் பாருங்கள். எங்களிடம் பாலிசியே இல்லை.

இப்போது ஒன்றரை வருஷம் ஆகிறது. எடை 72 கிலோ. சர்க்கரை மாத்திரை ஒன்றாகக் குறைந்திருக்கிறது. காலையில் மூன்று மணி நேரம், மத்தியானம் இரண்டு மணி நேரம் மெஷினில் உட்காருகிறேன். இரண்டு வளையலையும் மீட்டாயிற்று. செயின் இன்னும் சங்கத்தில்தான் இருக்கிறது. தண்ணீர் பிடிப்பது மட்டும் இன்றுவரை கணவர் வேலையாகவே இருக்கிறது. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு அவசரமில்லை!

இந்தப் பக்கத்தைப் படிக்கும் மாமியார்மாருக்கும் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. எந்த ஆபரேஷன் ஆனாலும் சரி, வீட்டுப் பெண் "முடியலீங்க" என்று சொன்னால், சோம்பல் என்று முடிவு கட்டும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, இருகூர்.