மானியம் வரும், ஆனால் முன்பணத்துக்கு வராது

பக்கத்து லைன் வீட்டு ஓவர்லாக் டெய்லர் கேட்டார்: "ஏனுங்ணா, வீட்டு மானியம் வந்தா அதையே முன்பணமா கட்டிரலாமில்லீங்க?"

முடியாது. கணக்கைப் பாருங்கள்.

வீடு 20 லட்சம். ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் வரையிலான கடனில் வங்கி அதிகபட்சம் 90 சதவீதம்தான் தரலாம். ஆக, கைக்காசு 2 லட்சம். முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம் சேர்த்து தமிழ்நாட்டில் 9 சதவீதம், அதாவது 1.8 லட்சம். இந்த விலை வீட்டுக்கு அதைக் கடனில் சேர்க்க முடியாது. மொத்தம் 3.8 லட்சம் வேணும்.

2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் வீட்டுவசதித் திட்டம் 2.0-வின் வட்டி மானியமும் அதிகபட்சம் 1.8 லட்சம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 9 லட்சத்துக்குள் இருக்கணும், நாட்டில் எங்கும் சொந்தமாகப் பக்கா வீடு இருக்கக் கூடாது. ஆனால் பணம் ஐந்து ஆண்டுத் தவணையாகக் கடன் கணக்கில்தான் விழும். கடன் பாரம் குறையும், பத்திரம் பதியும் நாளில் கைக்கு வராது.

அந்த நாளுக்கு உதவக்கூடியது பி.எஃப். வீடு வாங்க அதிலிருந்து எடுக்கலாம். பி.எஃப் பதிவு வங்கிக்கு வேலைச் சான்றும்கூட.

அவர் முகம் வாடிவிட்டது. பீஸுக்குக் கொஞ்சம் கூட வருதேன்னு, பி.எஃப் பிடிக்காத யூனிட்டுக்குப் போன வருஷம்தான் மாறியிருக்கிறார்.