நித்தியகல்யாணி எலிகளைக் கொன்றது ஏன்?

ஏற்காட்டுக்கு மலையேறும் முன் சேலத்து வீட்டு வாசல்களைக் கொஞ்சம் பாருங்கள். ஐந்து இதழ் நித்தியகல்யாணி எங்காவது பூத்திருக்கும். காம்பைக் கிள்ளினால் பால் கசியும். ஆடுகூட வாய் வைக்காத கசப்பு.

1950களில் இதன் இலைகள் ஜமைக்காவிலிருந்து கனடா விஞ்ஞானி ராபர்ட் நோபிளிடம் வந்து சேர்ந்தன. அங்கே சர்க்கரை நோய்க்கு இதைக் காய்ச்சிக் குடிப்பார்களாம். எலிகளுக்குச் சாற்றை வாய்வழி கொடுத்தார்; சர்க்கரை அசையவில்லை. ஊசியில் ஏற்றியதும் எலிகள் சில நாட்களில் செத்தன, அதுவும் கிருமித் தொற்றால்! ரத்தத்தில் வெள்ளையணுக்கள் சரிந்திருந்தன.

ஏன்? செல் இரண்டாகப் பிரியும்போது மெல்லிய புரத இழைகள்தான் குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கின்றன. அந்த இழைகளை இச்சாறு உருவாக விடாது. ஓயாமல் பிரியும் எலும்பு மஜ்ஜை முதலில் அடிபடும். ரத்தப் புற்றுநோயோ, கட்டுக்கடங்காமல் பெருகும் வெள்ளையணு. பிறகென்ன, விஷமே மருந்தானது: 1958இல் வின்பிளாஸ்டின், அடுத்து வின்கிறிஸ்டின்.

 

அந்த எலிகளைப் போலவே கீமோ எடுப்பவருக்கும் வெள்ளையணுக்கள் சரியலாம்; அதனால் அவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் மாத்திரை போட்டுக் காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். வாசல் செடியைக் கஷாயம் வைக்கவும் வேண்டாம்.