சர்வரும் ஓடுது, ஸ்டோரேஜும் ஓடுது... அப்புறம் ஏன் 'சர்வர் டவுன்'? ஐஸ்கஸி இணைப்பில் என்ன பார்க்கணும்?

மாதக் கடைசி. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை அலுவலகம். சம்பளப் பட்டியல் எடுக்கும் நேரத்தில் எல்லாம் அப்படியே நின்றுவிடுகிறது என வைத்துக்கொள்வோம். சர்வரில் லைட் எரிகிறது. ஸ்டோரேஜ் பெட்டியிலும் எரிகிறது. ஆனால் டேட்டா வரவில்லை. என்ன சிக்கல்?

ஐஸ்கஸி என்றால் என்ன?

ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் கம்ப்யூட்டர்களை ஓட்டுவதே விர்ச்சுவலைசேஷன். அவற்றின் டேட்டா பல இடங்களில் தனி ஸ்டோரேஜ் பெட்டியில் இருக்கும். இரண்டையும் சாதாரண நெட்வொர்க் வழியே இணைக்கும் முறைதான் ஐஸ்கஸி. 2004-ல் இது தரநிலையாக வெளியானது.

ஈஸியா சொன்னா, ராஜபாளையத்துக் கடைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து பால்கோவா வருகிற மாதிரி. கடை சர்வர், பால்கோவா செய்யும் இடம் ஸ்டோரேஜ். சரக்கு வரலைன்னா முதல்ல வழியைத்தானே பார்ப்போம்?

வரிசையா என்ன பார்க்கணும்?

* ரோடு இருக்கா? கேபிள், ஸ்விட்ச் பாருங்க. சர்வரில் இருந்து ஸ்டோரேஜ் ஐபிக்கு 'பிங்' கொடுங்க.
* கேட் திறந்திருக்கா? ஐஸ்கஸியின் வழக்கமான போர்ட் 3260. ஃபயர்வால் அதை அடைத்திருக்கலாம்.
* லிஸ்ட்ல பேர் இருக்கா? ஒவ்வொரு சர்வருக்கும் 'ஐக்யூஎன்' என்ற பெயர் உண்டு. சர்வரை ரீ-இன்ஸ்டால் செய்தால் அது மாறிவிடலாம். பழைய பெயரை மட்டுமே அறிந்த ஸ்டோரேஜ், உள்ளே விடாது.
* பாஸ்வேர்ட் சரியா? 'சாப்' பாஸ்வேர்ட் இரு பக்கமும் ஒன்றாக இருக்கணும்.
* லாரி பெருசா, பாலம் சின்னதா? இரு முனையிலும் எம்டியூ 9000 வைத்துவிட்டு, நடுவில் ஸ்விட்ச்சை 1500-லேயே விட்டால் பிங் போகும், லாகினும் ஆகும். பெரிய டேட்டா மட்டும் நகராது. 8972 பைட் அளவில், துண்டாக்காமல் பிங் அனுப்பினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இதை மட்டும் செய்யாதீங்க!

இணைப்பு திரும்பியதும் பழைய டிஸ்க், சில நேரம் புது டிஸ்க் போலத் தெரியும். விஎம்வேரில் பழைய அடையாளத்தை வைத்துக்கொள்வது, புது அடையாளம் கொடுப்பது ஆகியவற்றோடு 'ஃபார்மேட்' என்ற வாய்ப்பும் காட்டும். அவசரத்தில் அதைத் தொட்டால், வெறும் இணைப்புக் கோளாறு டேட்டா இழப்பாக முடிந்துவிடும். அதுவரை டேட்டா ஸ்டோரேஜில் பத்திரமாகத்தான் இருக்கும்.

ஐபி, ஐக்யூஎன், எம்டியூ விவரங்களை எல்லாம் நன்றாக ஓடும்போதே ஒரு தாளில் எழுதி வைங்க. அந்த சர்வரிலேயே சேமித்திருந்தால், அவசரத்துக்கு அந்த ஃபைலும் திறக்காது!